நிரம்பாத தொட்டி

அத்தியாயம் 6

பிரம்மநாயகம் சார் உட்காரவில்லை. நின்றுகொண்டே கோபப்படுவது அவருக்குத் தொழில் பழக்கம். மாட்டுங்காவில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு பிசிக்ஸும் கணக்கும் ட்யூஷன் எடுக்கிறவர். போர்டு இல்லாத இடத்திலும் முதுகுக்குப் பின்னால் போர்டு இருப்பது போலத்தான் நிற்பார்.

“இருங்க சார்,” என்றான் ஜெப்ரி. “அந்த நாற்காலி ஒண்ணும் பண்ணாது. ஆடுன காலுக்குப் போன வாரமே ஆணி அடிச்சாச்சு.”

செம்பூர் ஸ்டேஷன் பக்கத்தில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். வாசல் பலகையில் ‘ஏசுதாஸ், தனியார் துப்பறிவாளர்’ என்று இருக்கும். ஏசுதாஸ் இறந்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. பலகையை மாற்றச் சொன்னவர்களிடம் அவர் மனைவி கிளாரா, “பெயிண்டர் கிடைக்கலை” என்று சொல்லி வந்தாள். பம்பாயில் பெயிண்டருக்கா பஞ்சம் என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

கிளாரா முன்பு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். கணவர் கண்ணால் பார்த்துத் துப்பறிந்த கேஸ்களில் பாதியை அவள் காதால் கேட்டு முடித்துக் கொடுத்திருக்கிறாள். இப்போது கண்ணும் காதும் அவளே. ஜெப்ரி சீத்தா கேம்ப் பகுதிக்காரன், இருபத்தாறு வயது. அவளுக்கு உதவியாளன், வண்டியோட்டி, கேட்காத கருத்தையும் சொல்கிறவன்.

சார் ஐந்து காகிதங்களை மேஜைமேல் போட்டார். ஒவ்வொன்றும் கடைசி வரி மட்டும் தெரியும்படி மடிக்கப்பட்டு, அந்த வரியைச் சுற்றி சிவப்பு மையில் வட்டம் போடப்பட்டிருந்தது.

“இப்படி மடிச்சுத்தான் திருத்துவீங்களா சார்?” என்றாள் கிளாரா.

“விடை கடைசி வரியிலதானே இருக்கும்? ஒரு காபி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள மொத்த பேட்ச்சையும் திருத்திடுவேன். கேளுங்க. ஒரு தொட்டி. ஒரு ஆள் உயரம், நூத்தியெண்பது சென்டிமீட்டர். குழாய் அதை ஆறு மணி நேரத்துல நிரப்பும். அடியில ஒரு ஓட்டை, அது ஒன்பது மணி நேரத்துல காலி பண்ணும். ரெண்டும் திறந்திருக்கு. கேள்வி ஒண்ணு, தண்ணி உச்ச மட்டத்துல இருக்கும்போது ஓட்டை வழியா என்ன வேகத்துல வெளியே வரும்? அது பிசிக்ஸ். கேள்வி ரெண்டு, தொட்டி எப்ப நிரம்பும்? அது அல்ஜீப்ரா. விடை பதினெட்டு மணி நேரம். மொத்தக் கிளாசும் பதினெட்டு. இந்த அஞ்சு தாராவிப் பிள்ளைங்க மட்டும் என்ன எழுதியிருக்குங்க, பாருங்க.”

ஜெப்ரி எட்டிப் பார்த்தான். ஐந்து கையெழுத்து. ஐந்திலும் ஒரே விடை: தொட்டி நிரம்பாது.

“சரியாத்தானே போட்டிருக்காங்க,” என்றான். “எங்க வீட்டுலயும் ஒருநாளும் நிரம்புனது கிடையாது.”

சார் அவனை ஒருமுறை பார்த்தார். நாற்காலி ஆடாமலேயே ஜெப்ரி ஆடிப்போனான்.

“ஒருத்தன் தப்பு பண்ணா முட்டாள்தனம். அஞ்சு பேர் ஒரே தப்பைப் பண்ணா காப்பி. வெளியே எவனோ ஒரு வாத்தியார் இவங்களுக்கு ஃப்ரீயா ஹோம்வொர்க் போட்டுக் குடுக்கறான். இன்னிக்கு ஹோம்வொர்க். நாளைக்கு என் பேட்ச்சையே கொத்திட்டுப் போயிடுவான்!”

அவர் பையிலிருந்து கண்ணாடி உடைந்த ஒரு போனை எடுத்தார். வாசிம் என்ற மாணவனிடமிருந்து பறிமுதல் செய்தது. அதில் ‘குழாயடி’ என்று ஒரு வாட்ஸ்அப் குரூப். படம், ஒரு நீல டிரம். நடத்துகிறவரின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் புள்ளி. யார் என்று கேட்டதற்கு வாசிமும் மற்றவர்களும் வாயே திறக்கவில்லையாம்.

“நம்பர் இருக்கே. பெயர் காட்டுற ஆப்ல போட்டுப் பாத்தீங்களா?” என்றான் ஜெப்ரி.

“பார்த்தேன். ‘அம்மா’ன்னு வருது.”

“அப்போ சந்தேகப்பட வேண்டியவங்க பம்பாய்ல பாதிப் பேருதான். ஈஸியா முடிச்சிரலாம்.”

“அட்மிஷன் ஃபாரம்ல இந்த நம்பர் இல்லையா சார்?” என்றாள் கிளாரா.

“இல்லை. எல்லாரும் அப்பா நம்பர்தான் குடுத்திருக்காங்க.” சார் கடைசியில் உட்கார்ந்தார். குரல் கொஞ்சம் இறங்கியது. “நாலு பேரைத் திட்டி விட்டுடுவேன். அஞ்சாவது பொண்ணு மாரிசெல்வி. அவளுக்கு ஒரு டிரஸ்ட் ஃப்ரீ சீட் குடுத்திருக்கு. காப்பி அடிச்சா சீட் போச்சுங்கறது அவங்க கண்டிஷன். இன்னிக்குச் சாயந்திரம் ஏழரைக்கு டிரஸ்ட் மேடம் வராங்க. அவ பேரை அடிச்சுட்டு வேற பேர் சொல்லணும். அதுக்குள்ள அந்த வாத்தியார் யாருன்னு எனக்குத் தெரியணும்.”

“அதாவது ஃபீஸ் கட்டுனா திட்டு, கட்டலைன்னா கெட் அவுட்,” என்றான் ஜெப்ரி.

“ஏல, சும்மா இரு,” என்றாள் கிளாரா. அவள் குரலில் கண்டிப்பு இல்லை என்பதை ஜெப்ரி கவனித்துக்கொண்டான். “சார், அந்த நம்பருக்குப் பேசிப் பாத்தீங்களா?”

“நேத்து மூணு மணிக்குப் போட்டேன். ஒரு அம்மா எடுத்து, ‘தண்ணி வந்துட்டு, வையும் போனை’ன்னு சொல்லி வச்சிட்டாங்க. அப்புறம் எடுக்கவேயில்லை.”

கிளாரா முன்னால் சாய்ந்தாள். எக்ஸ்சேஞ்சு நாட்களில் ஹெட்போனைச் சரிசெய்வது போல ஒரு கை தானாகக் காதோரம் போனது.

“கத்தினாங்களா, சாதாரணமா பேசினாங்களா?”

“சாதாரணமாத்தான்.”

“பின்னாடி என்ன சத்தம்?”

“தண்ணி விழற சத்தம். படபடன்னு நல்ல வேகமா.”

“மோட்டார் சத்தம்?”

சார் யோசித்தார். “இல்லை.”

“தாராவியில தண்ணி வர்ற நேரத்துல ஒருத்தர் கத்தாம போன் பேச முடியுதுன்னா ஆச்சரியம்தான். வீட்டுக்கு வீடு மோட்டார் போட்டு உறிஞ்சுவாங்க. நம்ம பேச்சு நமக்கே கேக்காது. சார், ஒரு சந்தேகம். மோட்டார் இல்லாமலே குழாயில தண்ணி வேகமா எங்க வரும்?”

கேள்வி என்று வந்ததும் சாருக்குக் கோபம் மறந்துபோனது. “தாழ்வான இடத்துல. தண்ணியோட மேல்மட்டத்துக்கும் குழாய் வாய்க்கும் உயர வித்தியாசம் கூடக்கூட அழுத்தம் கூடும். இது முதல் பாடம்மா.”

“தாங்க்ஸ் சார். நீங்களே பாதி கேஸை முடிச்சிட்டீங்க,” என்று எழுந்தாள் கிளாரா. “மூணு மணிக்குத் தண்ணி வர்ற பள்ளமான சந்து. ஜெப்ரி, வண்டியை எடு.”

*

ஸ்கூட்டர் ஏசுதாஸுடையது. கிளாராவுக்கு நன்றாகவே ஓட்டத் தெரியும். ஆனாலும் பின்சீட்டில்தான் உட்காருவாள். ஏன் என்று ஜெப்ரி ஒருநாளும் கேட்டதில்லை. அவன் கேட்காமல் விட்ட கேள்விகள் உலகத்தில் அது ஒன்றுதான்.

“எக்கா,” என்றான் சயான் சிக்னலில். “அந்த வாத்தியாரைப் பிடிச்சிட்டோம்னா, அந்தப் புள்ளைக்கு சீட்டு கிடைக்குமா?”

“கிடைக்காது. காப்பி அடிச்சது உறுதியாயிரும்.”

“பிடிக்கலைன்னா?”

“அப்பவும் கிடைக்காது.”

“அப்போ நாம எதுக்கு இவ்ளோ வேகமா போறோம்?”

“நீதான் வேகமா போற. நான் பின்னாடி சும்மா உக்காந்திருக்கேன்.”

தொண்ணூறு அடி ரோட்டில் பூலோகம் என்பவரின் டீக்கடையில் வண்டியை நிறுத்தினார்கள். பூலோகத்துக்குத் தாராவியில் எந்தச் சந்தில் எப்போது தண்ணீர் வரும் என்பது தெரியும். அவர் கடைக்கு எந்த நேரத்தில் எந்தச் சந்துக்காரர்கள் வரமாட்டார்கள் என்பதை வைத்துத் தெரிந்துகொண்டது.

“மூணு மணித் தண்ணியா? இந்தப் பக்கம் பூராவும் காலைத் தண்ணிதான். மூணு மணிக்கு வாறது ரெண்டு சந்துக்குத்தான். ஒண்ணு மேட்டுச் சந்து. அங்க மோட்டார் போட்டு இழுத்தாத்தான் உண்டு. இன்னொண்ணு பள்ளத்துச் சந்து. குழாயைத் தொறந்தா மூஞ்சில அடிக்கும். மழை வந்தா வீட்டுக்குள்ளயும் அடிக்கும்.” அரை கிளாஸ் கட்டிங் சாயை நீட்டினார். “பள்ளத்துக்குப் போறியன்னா சீக்கிரம் போங்க. ஆறு மணிக்கு நின்னுரும்.”

சந்து, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் யாருடைய வீட்டுக்குள்ளாவது போய்த்தான் வழிவிட வேண்டும் என்கிற அகலத்தில் இருந்தது. தரை முழுக்க ரப்பர் குழாய்கள். வாசலுக்கு வாசல் நீல டிரம். சந்து முழுவதும் அவசரத்தில் இருந்தது. தண்ணீர் நிற்கிற நேரம் நெருங்கிவிட்டது.

“யாரு நீங்க?” என்று இடுப்பில் சேலையைச் செருகிய ஒரு அம்மா வழியை மறித்தாள். “வாட்டர் டிபார்ட்மென்டா?”

“இல்லம்மா. மாப்பிள்ளை விசாரணை,” என்றான் ஜெப்ரி, வழக்கமான பொய்யாக.

“இந்தச் சந்துலயா? மாப்பிள்ளைன்னு சொல்லுத மாதிரி ஒருத்தனும் கெடையாது. எவளோ தப்பிச்சிட்டான்னு போய்ச் சொல்லும்.” அவள் ஒரு வாளியை அவன் கையில் திணித்தாள். “நிக்கதுதான் நிக்கீரு, இதை அந்த டிரம்மு பக்கத்துல வையும்.”

ஜெப்ரி வைத்தான். கிளாரா ஓரமாக நின்று, அவன் காதருகே திட்டத்தைச் சொன்னாள்.

“தண்ணி வர்றப்போ போனைத் தொடமாட்டாங்க. நின்னதும் முதல்ல போனைக் கையில எடுக்கிறது யாருன்னு பாரு. அதுதான் ஆளு.”

ஆறு மணிக்குக் குழாய்கள் இருமின. காற்றைத் துப்பின. நின்றன. அடுத்த நொடி சந்தில் இருந்த அத்தனை பேரும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்கள். டிரம்மின் மூடிமேல் இருந்த போன், ஜாக்கெட்டுக்குள் இருந்த போன், அரிசி டப்பாவில் பத்திரமாக வைத்த போன். எழுபது வயதுத் தாத்தா ஒருவர்கூடக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு போனுக்குள் குனிந்தார்.

“எக்கா,” என்றான் ஜெப்ரி. “மொத்தச் சந்தும் குத்தவாளி. எல்லாரையும் ஸ்கூட்டர்ல ஏத்த முடியாது.”

கிளாராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாரிடம் வாங்கி வந்திருந்த வாசிமின் போனை அவனிடம் கொடுத்தாள். “குரூப்ல ஒரு சந்தேகம் கேளு. ஏதாவது பிசிக்ஸ்.”

ஜெப்ரிக்குத் தெரிந்த பிசிக்ஸ் எல்லாம் பத்தாம் வகுப்பிலேயே அவனை விட்டுப் போய்விட்டது. கொஞ்சம் யோசித்து, ஆங்கில எழுத்தில் தமிழும் இந்தியும் கலந்து தட்டினான்: ‘டிரம்முக்குள்ள முங்கிக் கெடக்குற வாளி லேசா இருக்கு. தண்ணிக்கு மேல வந்ததும் கனக்குது. க்யூன்?’

இருவரும் தலையை நிமிர்த்திப் பார்த்தார்கள். சந்தின் நடுவில், கவிழ்த்துப் போட்ட ஒரு குடத்தின்மேல் உட்கார்ந்திருந்தது பதினாறு பதினேழு வயதுப் பெண் ஒன்று. துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்தது. போனைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கியது, தட்டியது.

வாசிமின் போன் அதிர்ந்தது. ‘வெளிய நீ மட்டும் தூக்குற. உள்ள இருக்கப்போ உன்கூடச் சேந்து இன்னொருத்தரும் தூக்குறாங்க. யார் அது?’

“பேயா?” என்றான் ஜெப்ரி மெதுவாக.

“தண்ணிதான்ல,” என்றாள் கிளாரா. அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய்க் குனிந்தாள். “அழகா சொல்லிக் குடுக்கிற. உன் பேரு என்னம்மா?”

பெண் அவளையும் பார்த்தது. அவன் கையிலிருந்த உடைந்த கண்ணாடி போனையும் பார்த்தது. முகம் வெளுத்தது.

“மாரிசெல்வி.”

*

சார் தேடிய போட்டி வாத்தியார், சீட்டை இழக்கப்போகிற அதே பெண். ஜெப்ரிக்கு இந்த முறை சிரிப்பு வரவில்லை. இதுவரை பிடித்த மாப்பிள்ளைகளில் மூன்று பேர் ஏற்கெனவே கல்யாணம் ஆனவர்கள். அவர்களைக் காட்டிக் கொடுத்தபோது அவன் வாய்விட்டுச் சிரித்திருக்கிறான்.

வாளியைத் திணித்த அம்மா, ஆறுமுகத்தாய், மாரிசெல்வியின் தாய். விஷயம் தெரிந்ததும் அவள் மகளின் முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

“ஏட்டி, என்னத்தட்டி செஞ்ச? அன்னைக்கு எம் போனுல ஒரு ஆளு பேசுனாரே, அது ஒங்க சாரா? நான் வையும்னுல்லா சொல்லிட்டேன்!”

“நான் யாருக்கும் ஆன்சர் குடுக்கல,” என்றாள் மாரிசெல்வி, கிளாராவைப் பார்த்து. “கேள்விதான் குடுப்பேன். குரூப்ல ரூலே அதுதான். யாராவது கணக்குப் புரியலைன்னா, நான் அவங்களையே திருப்பிக் கேப்பேன்.”

“எல்லாருக்கும் ஒரே விடை வந்திருக்கே.”

“அது எப்படின்னு எனக்கும் தெரியல ஆன்ட்டி. அவங்க பேப்பரை நான் பாக்கல. எம் பேப்பரை அவங்களும் பாக்கல.” கண் கலங்கியது. ஆனால் குரல் கலங்கவில்லை. “சார்கிட்ட சொல்லிருவியளா?”

“சொல்லுவேன்.”

“எக்கா!” என்றான் ஜெப்ரி. “புள்ளி யாருன்னு தெரியலைன்னு சொல்லிட்டா என்ன? புள்ளிதானே, சின்னதா இருந்துச்சு, கண்ணுக்குத் தெரியல.”

“கண்டுபிடிச்சதை மறைக்கிறது நம்ம ஆபீஸ்ல கிடையாது. அவரு இருக்கும்போதும் கிடையாது.”



அப்போது மாரிசெல்வியின் கையிலிருந்த போன் அதிர்ந்தது. அவள் பார்த்துவிட்டு, எதையும் மறைக்க இனி அவசியமில்லை என்பதுபோலக் கிளாராவிடமே நீட்டினாள். ஃபர்ஸானா என்ற பெண் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். அவளும் அந்த ஐந்து பேரில் ஒருத்தி.

‘ஏ மாரி, சார் பேப்பர் குடுத்தாரா? எனக்கு வேகம் ரெண்டுன்னு கரெக்டா வந்துச்சுடி, நான் எவ்ளோ குஷியா இருந்தேன் தெரியுமா?’

“உனக்கும் ரெண்டுதானா?” என்றாள் கிளாரா.

“இல்ல. எனக்கு ரெண்டரைக்குக் கொஞ்சம் கம்மி.”

“ஒரே கணக்குதானே?”

“கணக்கு ஒண்ணுதான். அவ கும்பார்வாடா பக்கம். நான் இங்க.”

கிளாரா நிமிர்ந்தாள். கை காதோரம் போனது. இந்த முறை அங்கே கேட்க எதுவும் இல்லை. எதையோ கேட்டு முடித்திருந்தாள்.

“மாரிசெல்வி, நீ கிளாசுக்கு வழக்கம்போல வா. ஜெப்ரி, வண்டி. இப்போ நிஜமாவே வேகமா போ.”

*

மாட்டுங்காவில் அந்தப் பழைய கட்டடத்தின் முதல் மாடியில்தான் வகுப்பு. இரண்டாம் மாடியில் சாரின் வீடு. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். சார் பக்கத்து அறையில் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார்.

“உங்க போட்டி வாத்தியாரைக் கண்டுபிடிச்சாச்சு சார்,” என்றாள் கிளாரா. “ஆளு தூரத்துல இல்ல. இதே கிளாஸ்ல உக்காந்து படிக்குது. பேரு மாரிசெல்வி.”

சார் நாற்காலியிலிருந்து எழுந்தார். முதலில் நிம்மதி, பிறகு அதைவிடப் பெரிய கோபம். “அப்போ காப்பி வாங்கினவ இல்லை, காப்பி குடுத்தவ! இன்னும் மோசம். கூப்பிடுங்க அவளை!”

“கூப்பிடுறேன். அதுக்கு முன்னாடி, அந்த அஞ்சு பேப்பரையும் மடிப்புப் பிரிச்சுத் தாங்க.”

“எதுக்கு? விடை...”

“விடை கடைசி வரியிலதான். தெரியும். மேல இருக்கிறதை இன்னும் யாரும் படிக்கலை. நானும்தான் படிக்காம விட்டேன்.”

சார் பிரித்தார். ஐந்து காகிதங்களும் மேஜை முழுக்க விரிந்தன. முதல் காகிதம் மாரிசெல்வியுடையது. சார் வேண்டாவெறுப்பாக உதடு அசையப் படித்தார்.

“‘எங்கள் வீட்டில் தண்ணீர் மூன்று மணி நேரம் வரும்.’ இது என்னது? ‘மூன்று மணி நேரத்தில் ஆறில் ஒரு பங்கு. உயரம் முப்பது சென்டிமீட்டர். அதுதான் உச்ச மட்டம். வேகம்... ரூட் ஆறு.’” நிறுத்தினார். “சரியா இருக்கே.”

“அடுத்தது ஃபர்ஸானா.”

“‘எங்கள் வீட்டில் இரண்டு மணி நேரம். ஒன்பதில் ஒரு பங்கு. இருபது சென்டிமீட்டர். வேகம் ரெண்டு...’” சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். “இதுவும் சரி.”

வாசிம் வீட்டில் நான்கு மணி நேரம். மற்ற இருவருக்கும் வேறு வேறு. ஐந்து காகிதம், ஐந்து சந்து, ஐந்து கணக்கு. ஓட்டையில் வரும் வேகம்கூட ஒருவருக்கு வந்தது இன்னொருவருக்கு வரவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் குழாய் நின்றதும் ஓட்டை மட்டும் வேலை செய்ய, தொட்டி காலியாகிவிட்டது. கடைசி வரி மட்டும் ஒன்று.

“காப்பின்னா மேலயும் ஒண்ணா இருக்கணுமே சார்,” என்றாள் கிளாரா. “இங்க யாரும் யாருடைய விடையையும் எடுக்கலை. மாரிசெல்வி குடுத்தது ஒரே ஒரு கேள்வி. ‘உங்க வீட்டுல தண்ணி எத்தனை மணி நேரம் வரும்?’ அதுக்கப்புறம் ஒவ்வொருத்தரும் தனியாத்தான் போட்டிருக்காங்க.”

சார் சும்மா இருக்கவில்லை. “இருக்கட்டும்மா. ஆனா ஹோம்வொர்க்குக்கு வெளியே உதவி கேட்கக்கூடாதுங்கறது என் ரூல். என்கிட்ட மட்டும்தான் கேட்கணும். உதவி வாங்கினவங்க யாரா இருந்தாலும்...”

“யாரா இருந்தாலுமா?” என்றான் ஜெப்ரி.

அவன் சாருக்குத் தெரியாமல் மேஜையின் மறுபக்கத்தில் இருந்த முழு மதிப்பெண் வாங்கிய காகிதக் கட்டை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தான். அதிலிருந்து ஒன்றை உருவினான். கடைசி வரி: பதினெட்டு மணி நேரம். பக்கத்தில் சாரின் பெரிய சிவப்பு டிக்.

“இதை மேலேயிருந்து படிக்கவா சார்? ‘எங்கள் பில்டிங்கில் இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் வரும். எனவே தொட்டி நிரம்பும்.’” ஜெப்ரி காகிதத்தை மேஜைமேல் வைத்தான். “மாட்டுங்கா பில்டிங்ல இருக்கிறவன் எவனாவது இப்படி எழுதுவானா? தண்ணி வருதான்னு நெனச்சுக்கூடப் பாக்க மாட்டான். யாரோ கேட்டிருக்காங்க, அதான் பதில் சொல்லியிருக்கான். குழாயடி குரூப்ல ஆறாவது ஆளும் இருக்கான் சார். பேரு போட்டிருக்கு. நகுல் பிரம்மநாயகம்.”

அறை வாசலில் உயரமான ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியவில்லை. சாரின் மகன். அதே வகுப்பில் முதல் பெஞ்சு.

“ஏன்டா,” என்றார் சார். வேறு எதையோ சொல்ல வந்து, மெதுவாக முடித்தார். “மேல் மாடியிலதானே இருக்கேன். என்கிட்ட கேட்கக் கூடாதா?”

“கேட்டா, ‘இதுகூடத் தெரியாதா’ன்னு சொல்வீங்கப்பா. மாரி அப்படிச் சொல்ல மாட்டா.”

கீழே ரோட்டில் பூக்காரி ஒருத்தி யாருடனோ மராத்தியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். கிளாரா ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். அப்பனும் மகனும் பார்த்துக்கொள்ளும் இடத்தில் மூன்றாம் ஆள் பார்க்கக் கூடாது என்பது அவளுடைய மரியாதை.

மாரிசெல்வி வந்ததும் சார் அவளை உள்ளே கூப்பிட்டார்.

“நுழைவுத் தேர்வுல நாலு ஆப்ஷன்தான் குடுப்பான். ‘நிரம்பாது’ன்னு எழுத இடமிருக்காது. தெரியுமா?”

“‘மேற்கண்ட எதுவுமில்லை’ன்னு ஒண்ணு இருக்குமே சார்,” என்றான் ஜெப்ரி. “அதையே எல்லாத்துக்கும் போட்டுத்தான் நான் ஃபெயிலானேன்.”

“தெரியும் சார்,” என்றாள் மாரிசெல்வி. “பரீட்சைல பதினெட்டுதான் போடுவேன். நீங்க ஹோம்வொர்க்னு குடுத்திய. அதான் ஹோம்ல எப்படி வருதுன்னு பாத்துப் போட்டோம்.” தயங்கினாள். “ஆனா எங்க கணக்கும் தப்புதான் சார். வாற வழியில யோசிச்சேன்.”

“என்ன தப்பு?”

“மட்டம் உசந்து இருந்தா ஓட்டையில வேகமாப் பாயும், தாழ்ந்து இருந்தா மெதுவா ஒழுகும்னு நீங்கதான பிசிக்ஸ்ல சொன்னிய. எங்க டிரம்முலயும் அப்படித்தான். பாதிக்கு மேல சர்ருன்னு போவும், அடியில சொட்டுச் சொட்டா நிக்கும். அப்போ ஓட்டை ஒரே மாதிரி ஒன்பது மணி நேரம் காலி பண்ணும்னு அல்ஜீப்ராவுல எப்படிப் போடலாம்? மொதக் கேள்வியும் ரெண்டாவது கேள்வியும் ஒண்ணையொண்ணு ஒத்துக்கிடலையே சார்?”

சார் தாமே தயாரித்த கேள்வித்தாளை எடுத்து முதலிலிருந்து படித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சிவப்புப் பேனாவை வைத்துவிட்டு ஒரு பென்சிலைத் தேடினார். நகுல் தன் பென்சிலை நீட்டினான்.

ஏழரைக்கு டிரஸ்டிலிருந்து நுஸ்ரத் மேடம் வந்தார். வகுப்பில் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டிருக்க, பக்கத்து அறையில் சார் குனிந்து எழுதுவதையும், ஒரு பக்கம் அவர் மகனும் மறுபக்கம் ஒரு பெண்ணும் அந்தக் காகிதத்தை எட்டிப் பார்ப்பதையும் கண்டு வாசலிலேயே நின்றார். கிளாராவும் ஜெப்ரியும் எழுந்து இடம்விட்டார்கள்.

“சார், அந்தப் பொண்ணு விஷயமா ஏதோ புகார் இருக்குன்னு போன்ல சொன்னீங்களே,” என்று மேடம் இந்தியில் கேட்டார். “சீட்டு என்ன செய்யணும்? இருக்கட்டுமா, வேண்டாமா?”

மாரிசெல்வி காகிதத்தை விட்டு மேடத்தைப் பார்த்தாள்.

சார் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். மேடம் இரண்டாம் முறை கேட்டபோது, தலையைத் தூக்காமலே இடது கையை மட்டும் ஆட்டினார்.

“ரஹேகி, ரஹேகி. அவ இருப்பா,” என்றார். “ஒரு நிமிஷம் சும்மா இருங்க. மாரி, ஓட்டையோட அகலத்தை என்னன்னு வச்சுக்கலாம், நீ சொல்லு.”